பத்து நிமிட ஆன்லைன் மாநாட்டு உரை: 24 ஸ்லைடில் எதை விடுவது?

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் நிலத்தடி நீரில் நைட்ரேட் பற்றி பிஎச்.டி. செய்கிறேன். அடுத்த மாதம் ஜெர்மனியில் நடக்கும் மாநாடு ஒன்றில் ஜூம் வழியாகப் பேச 10 நிமிடமும் கேள்விக்கு 2 நிமிடமும் கொடுத்திருக்கிறார்கள். 24 ஸ்லைடு தயாராக இருக்கிறது, கைடு எதையும் எடுக்காதே என்கிறார். ஆங்கிலம் சரளமாக வராது. வீட்டு நெட்டையும் நம்ப முடியாது. எப்படித் தயாராவது மேடம்?

பதில்: முதல் வேலையாக 24-ஐ எட்டாக்குங்கள். கைடு கோபித்துக்கொள்வார் என்றால், எடுத்த ஸ்லைடுகளை அழிக்காமல் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் வரிசையாக வைத்துவிடுங்கள். ஸ்லைடு ஷோ ஓடிக்கொண்டிருக்கும்போது 14 என்று தட்டி என்டர் அழுத்தினால் பவர்பாயிண்ட் நேராக 14-வது ஸ்லைடுக்குப் போய்விடும், அதனால் நீர் மாதிரி எடுத்த முறையை யாராவது கேட்டால் உடனே காட்டலாம். எதையும் தூக்கிப் போடவில்லை என்று கைடிடமும் தைரியமாகச் சொல்லலாம்.

நம் கருத்தரங்குகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. பல்கலைக்கழக முகப்புப் படம், பொருளடக்கம், முன்னுரை, முந்தைய ஆய்வுகள், நோக்கங்கள் என்று போய், ஆய்வாளர் தான் கண்டுபிடித்ததைச் சொல்ல வரும்போது தலைவர் மணி அடித்துவிடுவார். அரங்கில் உட்கார்ந்திருப்பவர் மரியாதைக்காவது எழுந்து போகமாட்டார். ஜூமில் இருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, இரண்டாவது நிமிடத்திலேயே மெயில் பார்க்கப் போய்விடுவார். அதனால் உங்கள் முடிவை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். மழைக்குப் பிறகு கிணறுகளில் நைட்ரேட் கூடியதா குறைந்ததா, எவ்வளவு, எங்கே, இது ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். மீதி ஒன்பது நிமிடமும் அதை ஏன் நம்பலாம் என்று காட்டத்தான். பொருளடக்க ஸ்லைடு வேண்டவே வேண்டாம், பத்து நிமிடப் பேச்சுக்கு எதற்குப் பொருளடக்கம்?

உங்கள் தலைப்பில் வெளிநாட்டவர் தடுமாறும் இடங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, மழை. இந்தியாவில் பருவமழை என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். நம் பக்கம் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் என்பதை ஒரு வரியில் சொல்லாமல் 'மழைக்கு முன், மழைக்குப் பின்' என்று வரைபடம் போட்டால், ஜனவரியில் எடுத்த நீர் மாதிரி எப்படி 'மழைக்குப் பின்' ஆகும் என்று அவர்களுக்குப் புரியாது. இன்னொன்று, வரம்பு. இந்தியக் குடிநீர்த் தரத்தில் நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 50. அமெரிக்காவில் 10 என்பார்கள், ஆனால் அது நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்ட எண், நைட்ரேட்டாக மாற்றினால் ஏறக்குறைய 44 வரும். எந்த அலகில் சொல்கிறீர்கள் என்று வரைபடத்தின் அச்சிலேயே எழுதிவிடுங்கள், 45-க்கும் 50-க்கும் கோடு போட்டுவிடுங்கள். இல்லையென்றால் உங்களுக்குக் கிடைக்கும் இரண்டு நிமிடமும் இந்த ஒரே கேள்வியில் கரைந்துவிடும்.

ஆங்கிலத்துக்கு வருவோம். பேசப்போவதை முழுக்க எழுதிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 120 சொல் போகும். ஒன்பது நிமிடத்துக்குத்தான் எழுத வேண்டும், அதாவது ஆயிரத்தைச் சற்றே தாண்டிய அளவு. வாக்கியங்கள் சின்னதாக, உங்கள் வாயில் வரக்கூடியவையாக இருக்கட்டும். சாட்ஜிபிடியிடம் கொடுத்து மெருகேற்றிய வாக்கியம் காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும், பேசும்போது அதன் நடுவில் மூச்சு முட்டும். முதல் நான்கு வரியையும் கடைசி இரண்டு வரியையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். எழுதியதைத் திரையில் கேமராவுக்கு நேர் கீழே ஒரு சின்ன ஜன்னலில் வையுங்கள், மேஜையில் காகிதத்தை வைத்தால் உங்கள் தலை உச்சிதான் எல்லோருக்கும் தெரியும். கேள்வி புரியவில்லை என்றால் அதை சாட்டில் எழுதச் சொல்லி அமர்வுத் தலைவரிடம் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

அப்புறம், நேரலையில்தான் பேசப் போகிறீர்கள் என்றாலும் ஒரு பதிவு கட்டாயம் வேண்டும். பவர்பாயிண்டிலேயே ஸ்லைடு ஸ்லைடாகப் பதிவு செய்யலாம், ஐந்தாவதில் தடுமாறினால் அதை மட்டும் திரும்பப் பதிவு செய்தால் போதும். ஒரு எச்சரிக்கை: ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்கு மாறும் நொடியில் அது குரலைப் பதிவு செய்யாது, பேசிக்கொண்டே அழுத்தினால் சொல் பாதியில் வெட்டுப்படும். மாறி முடிந்ததும் பேசுங்கள். வீடியோவாகச் சேமித்து, "என் இணைப்பு போனால் இதை ஓட்டிவிடுங்கள், கேள்விக்கு நான் போனில் வருகிறேன்" என்று அமைப்பாளருக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

நெட்டை விட முதலில் கரண்டைப் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை அறிவிப்பில் உங்கள் துணைமின் நிலையம் எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்துவிடுங்கள், அநேகமாகப் பகலில்தான் அது வரும், உங்கள் உரையும் பகலில் இருந்தால் சிக்கல். லேப்டாப்பில் பேட்டரி இருந்தாலும் ரௌட்டர் அணைந்துவிடும், அதற்கென்று சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. வேறு நிறுவனத்தின் சிம் போட்ட போனில் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும். அது வேலை செய்கிறதா என்பதை அன்றைக்கு அல்ல, முந்தின நாளே பாருங்கள். இணைப்பு திணறினால் கேமராவை அணைத்துவிட்டுக் குரலையும் ஸ்லைடையும் காப்பாற்றுங்கள்.

குரல்தான் எல்லாம். மங்கலான முகத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், கரகரக்கும் குரலை யாரும் பத்து நிமிடம் கேட்கமாட்டார்கள். விலை உயர்ந்த புளூடூத் ஹெட்செட்டை விட வயர் வைத்த சாதாரண ஹெட்செட் நல்லது. புளூடூத்தில் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது பெரும்பாலும் ஒலியின் தரம் இறங்கிவிடும், பேட்டரி தீரும் கவலை வேறு. மின்விசிறியைப் பத்து நிமிடம் நிறுத்திவிடுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை.

ஒத்திகையின்போது உங்கள் போனிலிருந்தும் அதே ஜூம் மீட்டிங்கில் வேறு பெயரில் நுழைந்து, போன் ஒலியை அணைத்துவிட்டு, மற்றவர்களுக்கு என்ன தெரிகிறது என்று பாருங்கள். ஸ்லைடுக்குப் பதில் உங்கள் குறிப்புகள் இருக்கும் பிரசென்டர் வியூ ஓடிக்கொண்டிருப்பது அப்போதுதான் கண்ணில் படும். வாட்ஸ்அப் வெப்பை மூடுங்கள். வரைபடத்தில் உள்ள எழுத்து போன் திரையில் படிக்க முடியவில்லை என்றால் அது சின்னது, அவ்வளவுதான்.

நேரத்தையும் கவனியுங்கள். ஜெர்மனி நம்மைவிடக் குளிர்காலத்தில் நான்கரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், உங்கள் தேதி அதை ஒட்டி வந்தால் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள்.

பேசி முடித்ததும் உங்கள் மெயில் முகவரியை சாட்டில் போடுங்கள். நேரமில்லாமல் விட்டுப்போன கேள்விகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மீட்டிங்கை விட்டு வெளியேறினால் சாட் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது, அதனால் வெளியேறுவதற்கு முன் அவற்றை நகலெடுத்து வைத்துக்கொண்டு, அன்று இரவே பதில் அனுப்பிவிடுங்கள்.