நாவல் சாயமும் டைட்டானியம் பூச்சும்: கேள்வி பதில்

டைட்டானியம் டையாக்சைடு பூச்சில் பழச்சாயம் ஏற்றி, வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் செல்லைப் பற்றிய கேள்விகள் இவை. முன்னால் இருப்பது கேட்டவரின் மொரீஷியஸ் ஊர்ப்பெயர்.

ரோஸ்ஹில்: டைட்டானியம் டையாக்சைடே குறைகடத்திதானே ஐயா, அதன் மேல் எதற்குச் சாயம்?

அதன் அனடேஸ் என்ற படிக வகைக்குப் பட்டை இடைவெளி, அதாவது எலக்ட்ரானை நகரும் நிலைக்கு ஏற்றத் தேவையான ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட். 388 நானோமீட்டருக்கு மேலான ஒளியை அது தொடாது, அதனால்தான் பூச்சு வெள்ளையாக இருக்கிறது. வெயிலில் பெரும்பகுதியை வாங்குவது சாயம்தான். ஒளியால் கிளர்ந்த எலக்ட்ரானை ஆக்சைடின் கடத்துப் பட்டைக்குள் (எலக்ட்ரான் தடையின்றி நகரும் ஆற்றல் நிலைக்குள்) தள்ளிவிடும். சாயம் இழந்த எலக்ட்ரானைச் செல்லில் ஊற்றும் கரைசலிலுள்ள அயோடைடு திருப்பித் தரும். சாயத்தின் கிளர்நிலை ஆற்றலில் கடத்துப் பட்டைக்கு மேலே இல்லையென்றால், எவ்வளவு கறுத்த சாயமும் வீண்.

காத்ர் போர்ன்: நாவல் பழத்தில் செய்ய முடியுமா? அளவுகள் வேண்டும்.

தாராளமாக. நம் ஊரில் ஸம்ப்ளோன் என்னும் நாவலில் டெல்ஃபினிடின், பெட்டுனிடின் என்ற நிறமிகள் உண்டு. அவற்றில் அருகருகே இருக்கும் இரண்டு ஹைட்ராக்சில்கள் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் தொகுதிகள்) டைட்டானியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

டைட்டானியம் டையாக்சைடு நுண்தூள் 6 கிராம். பிஎச் 3 முதல் 4 வரையுள்ள அசிட்டிக் அமிலநீர் 9 மி.லி. அமிலத்தை ஒவ்வொரு மி.லி.யாக விட்டுக் கட்டியில்லாமல் அரைத்து, கடைசியில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. பூசுவதற்கு, ஒரு பக்கம் மின்சாரம் கடத்தும் ஃப்ளோரின் கலந்த டின் ஆக்சைடு கண்ணாடியே வாங்குங்கள். இண்டியம் டின் ஆக்சைடு கண்ணாடி சூட்டில் மின்தடை ஏறிக் கெட்டுவிடும். எந்தப் பக்கம் கடத்துகிறது என்று மல்டிமீட்டரில் பார்த்து, ஓரங்களில் டேப் ஒட்டி, அரைத்த பசையைக் கண்ணாடிக் குச்சியால் ஒரே இழுப்பாகப் பூசுங்கள். காய்ந்ததும் டேப்பை எடுத்துவிட்டு 450 டிகிரியில் 30 நிமிடம். முதலில் பழுப்பாகும், பிறகு வெளுக்கும். பழுப்பிலேயே நிறுத்தினால் கரிமக் கழிவு உள்ளே தங்கிவிடும். மெல்ல ஆறவிடுங்கள், அவசரப்பட்டால் கண்ணாடியில் விரிசல் விழும்.

80 டிகிரிக்கு ஆறியதும் நாவல் சாற்றில் போடுங்கள். முழுக்க ஆறவிட்டால் நம் கடற்கரைக் காற்றின் ஈரம் துளைகளை முந்திக்கொள்ளும். சிவந்த சாறு பூச்சில் ஊதாவாக மாறினால் பிணைந்துவிட்டது என்று அர்த்தம். ஆல்கஹாலில் அலசும்போது நிறம் ஓடினால் பிணையவில்லை. மின்பகுளிக்கு, அதாவது இரு கண்ணாடிகளுக்கும் இடையே நிற்கும் கரைசலுக்கு, நீரற்ற எத்திலீன் கிளைக்காலில் 0.5 மோலார் பொட்டாசியம் அயோடைடு, 0.05 மோலார் அயோடின். எதிர்முனையான இரண்டாவது கண்ணாடிக்குப் பென்சில் கரி போதும்.

அளக்கும்போது அட்டையால் மூடிப் பாருங்கள். மூடியும் வோல்ட் இறங்கவில்லையென்றால் அது ஒளியால் வந்ததல்ல.

திரியோலே: எல்.ஈ.டி. எரியுமா?

ஒரு செல்லில் எரியாது. 0.3 முதல் 0.5 வோல்ட்தான் வரும், சிவப்பு எல்.ஈ.டி.க்கே 1.8 வோல்ட் வேண்டும்.

கியூர்பீப்: மூன்று நாள் ஊறவைத்துச் சாயத்தைத் தடிப்பாக்கினேன். மின்னோட்டம் குறைந்துவிட்டதே?

குறையத்தான் செய்யும். ஆக்சைடைத் தொடும் ஒற்றை அடுக்குதான் எலக்ட்ரானைக் கொடுக்கிறது. அதன் மேல் திரண்டது ஒளியை விழுங்கும், ஆனால் அந்தக் கிளர்ச்சி (ஒளி தந்த ஆற்றல்) பத்து நானோமீட்டர் அளவு நகர்வதற்குள் அணைந்துபோகும்.

கியூர்பீப்: அப்படியானால் நூறு நானோமீட்டர் தடிப்பான தாலோசயனின் சாயப் பூச்சுகள் எப்படி மின்னோட்டம் தருகின்றன?

நல்ல மடக்கல். தாலோசயனின் தானே ஒரு பி-வகைக் குறைகடத்தி. துளைகள், அதாவது எலக்ட்ரான் போனபின் மிஞ்சும் நேர்மின் வெற்றிடங்கள், அதற்குள்ளேயே நடந்துபோகும். ஆனால் அங்கேயும் கிளர்ச்சி எலக்ட்ரானாகவும் துளையாகவும் பிரிவது இரு பொருள்கள் தொடும் எல்லைப் பரப்பில்தான். கண்ணாடிப் பக்கமாக ஒரு முறை, கரைசல் பக்கமாக ஒரு முறை ஒளி விட்டுப் பாருங்கள். ஆக்சைடை ஒட்டிய எல்லைதான் வேலை செய்கிறது என்றால், கரைசல் பக்கம் விடும்போது வெளி அடுக்கு வெறும் வடிகட்டியாகி மின்னோட்டம் விழும், அதுவும் சாயம் நன்றாக விழுங்கும் அலைநீளத்திலேயே அதிகமாக.

போர்ட் லூயிஸ்: ஒற்றை அடுக்குக்கு மேல் பயனில்லையென்றால் ஒளி முழுவதையும் எப்படிப் பிடிப்பது?

பரப்பைப் பெருக்கித்தான். 1991-இல் விஞ்ஞானிகள் ஓ'ரீகனும் கிரெட்ஸலும் வெளியிட்டது இதைத்தான். பத்து மைக்ரான் நுண்துளைப் படலத்தின் உட்பரப்பு, வெளிப்பரப்பைப் போலப் பல நூறு மடங்கு. ஒற்றை அடுக்கே அத்தனை துளைச் சுவரிலும் படிந்து ஒளியைப் பிடித்துவிடும். தடிப்பாக்க வேண்டியது படலத்தை, சாயத்தை அல்ல.

ஃபீனிக்ஸ்: டைட்டானியத்துக்குப் பதில் துத்தநாக ஆக்சைடு?

புளிப்பான பழச்சாற்றில் கரையும். வேண்டாம்.

வாக்கோவா: எல்.ஈ.டி. எரியவில்லை, ஏன்?

திரியோலேக்குச் சொன்னதுதான்.

ரோஸ்ஹில்: அட்டையால் மூடினேன். 0.3 வோல்ட் அப்படியே நிற்கிறது.

மீட்டரின் கிளிப் அயோடினில் நனைந்திருக்கிறது, அந்த உலோகம்தான் பேட்டரியாகிவிட்டது. கிளிப்பையும் கண்ணாடி விளிம்பையும் துடைத்து, விளிம்பு ஐந்து மில்லிமீட்டர் உலர்ந்திருக்கும்படி வைத்து மீண்டும் மூடிப் பாருங்கள். பக்கத்தில் சாயம் ஏற்றாத பூச்சு ஒன்றையும் வைத்து அளங்கள், புறஊதாவால் வருவதை அதைக்கொண்டு கழித்துவிடலாம்.