கோரப் பல்லும் கோழித் தீவனமும்

அன்புள்ள ஐயா,

ஜப்பானின் அரியாகே கடலைப் பற்றிய உங்கள் குறிப்பில் ‘வராசுபோ’ என்ற மீனின் படத்தைப் போட்டிருந்தீர்கள். கண்ணும் இல்லாமல் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு என் மகள் விளக்கை அணைக்கவே விடவில்லை. அது நிஜ மீனா, கணினியில் செய்ததா? நிஜம் என்றால் விலாங்கு வகையாகத்தான் இருக்க வேண்டும். உளுவை என்று நீங்கள் எழுதியது பிழை. குருட்டு மீனுக்கு அத்தனை பல் எதற்கு? நல்லவேளை, நம் கடலில் இப்படி ஒரு கோரம் இல்லை.

ம., நாகப்பட்டினம்

அன்புள்ள ம.,

முதலில் மகளிடம் சொல்லுங்கள்: அது கருவாடு. காய்ந்தால் எந்த மீனுக்கும் தோல் சுருங்கிப் பல் துருத்தும். நெத்திலிக் கருவாட்டின் முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் அன்று குழம்பு இறங்காது. உயிரோடு இருக்கும்போது வராசுபோ நீலம் ஓடிய சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருக்கும். பல் அப்போதும் வெளியே தெரியும், மறைப்பதற்கில்லை. ஆனால் அந்த இளிப்பில் பாதி வெயிலின் கைவேலை. அரியாகேக் கரையில் இருக்கும் ‘சாகா’ என்ற ஊரின் நகரத்தார் அதையே வேற்றுக்கிரக உயிரி என்று விளம்பரப் படம் எடுத்து ஊருக்கு ஆள் சேர்த்தார்கள். கெட்டிக்காரர்கள்.

பிழை என்றீர்கள். இல்லை, உளுவையேதான். மீனை மல்லாத்திப் போட்டால் தொண்டைக்குக் கீழே இரண்டு துடுப்புகள் ஒட்டிச் சிறு கிண்ணம்போல் இருக்கும். விலாங்குக்கு அந்த இடத்தில் துடுப்பே கிடையாது. நீண்ட உடலும், முதுகிலிருந்து வால்வரை ஒன்றாய் ஓடும் துடுப்பும் சேற்று வளைக்குள் போய்வரும் பிழைப்புக்கு வந்தவை. கண்ணும் அப்படித்தான்: கடுகாய்ச் சுருங்கித் தோலுக்குள் புதைந்திருக்கிறது. அந்தக் கலங்கலில் கண்ணை வைத்துக்கொண்டு எதைப் பார்ப்பது? இரை தேடப் பார்வை வேண்டாம். சிக்கிய இறாலையும் சிறுமீனையும் விடாமல் பிடிக்கப் பல் வேண்டும்.

எனக்கு அதன் முகத்தைவிட மூச்சுதான் வியப்பு. அரியாகேயில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 6 மீட்டர்வரை வித்தியாசம் வரும்; நம் சோழமண்டலக் கரையில் ஒரு மீட்டர் அளவுதான். வற்றத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. வளைக்குள் தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அப்போது இந்த மீன் வளையின் வாய்க்கு ஏறி வந்து, காற்றை ஒரு வாய் அள்ளி, வாய்க்குள்ளும் செவுள் அறையிலும் அடக்கிக்கொள்கிறது. நாகசாகிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பற்றி 2006இல் எழுதினார்கள். பிடிக்கிறவர்களும் அந்த நேரத்தில்தான் இறங்குகிறார்கள். ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றி, மறுகாலால் சேற்றை உதைத்து வழுக்கிக்கொண்டு போய், கொக்கி வைத்த நீண்ட இரும்புக் கம்பியால் சேற்றைக் கிளறி இழுப்பார்கள். பச்சையாகவும் தின்பார்கள், காயவைத்துச் சுட்டும் தின்பார்கள்.

நம் கடலில் இல்லை என்றது மட்டும் ஒப்புக்கொள்ள முடியாதது, அதுவும் நாகப்பட்டினத்திலிருந்து! உங்களுக்கு வடக்கே இருக்கும் தரங்கம்பாடியிலிருந்து, அது டேனியர் கையில் இருந்த காலத்தில் போன மீனை வைத்துத்தான், 1801இல் பிளாக், ஷ்னைடர் என்ற ஜெர்மன் அறிஞர்கள் வராசுபோவின் உறவுக்கார மீன் ஒன்றுக்குப் பெயரிட்டார்கள். இன்றைய பெயர் ட்ரைப்பாச்சென் வஜைனா. சிரிக்க வேண்டாம், லத்தீனில் அதற்கு வாளுறை என்று பொருள். முதல் பாதி கிரேக்கம்: துளைக்கழுத்து.

அந்தத் துளையை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு மீன்பிடித் துறையில், இழுவலையில் வந்து கோழித் தீவனத்துக்குப் போகும் குவியலில் ஒரு சாண் நீளத்தில் ரோஜாச் சிவப்பாய் ஒன்று கிடந்தது. இரு செவுள் மூடிகளுக்கும் மேலே, சட்டைப்பை வைத்துத் தைத்ததுபோல் ஒவ்வொரு குழி. குச்சி முனை உள்ளே போனது. இனம் பிரித்துக்கொண்டிருந்த அம்மா, “அது எதற்கும் ஆகாது தம்பி, கையைக் கழுவிக்கொள்” என்று அதை என் கையிலிருந்து வாங்கிக் குவியலிலேயே எறிந்துவிட்டார்.

காலையில் துறைமுகப் பக்கம் போனால் அந்தக் குவியலை ஒருமுறை பாருங்கள். சிவப்பாய் ஏதாவது கிடந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். வயிற்றுப் பக்கமும் தெரிய வேண்டும்.