சைன் கனத்தை வகையிடும்போது அந்த 5 எங்கே போகிறது?

கேள்வி: சைன்³(5எக்ஸ்)-ஐ வகையிட்டால் எனக்கு 3 சைன்²(5எக்ஸ்) காஸ்(5எக்ஸ்) வருகிறது. விடைப் பக்கத்தில் 3-க்குப் பதில் 15 இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: இங்கே வேண்டியது சங்கிலி விதி: ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் சார்புகளை ஒவ்வொன்றாக வகையிட்டுப் பெருக்குவது. இந்தச் சங்கிலியில் மூன்று கண்ணிகள். நீங்கள் இரண்டோடு நிறுத்திவிட்டீர்கள்.

பாதிச் சிக்கல் எழுதும் முறையில்தான். 3 என்ற அடுக்கு சைனின் தலையில் உட்கார்ந்திருப்பதால் எது வெளியே, எது உள்ளே என்பது தெரிவதில்லை. முதல் வேலையாக [சைன்(5எக்ஸ்)]³ என்று மாற்றி எழுதுங்கள். இப்போது வெளியே கனம், நடுவில் சைன், உள்ளே 5எக்ஸ். வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். ஒன்றை வகையிடும்போது அதற்குள் இருப்பதைத் தொடக் கூடாது.

கனம் தருவது 3[சைன்(5எக்ஸ்)]². சைன் தருவது காஸ்(5எக்ஸ்). 5எக்ஸ் தருவது 5. மூன்றையும் பெருக்கினால் 15 சைன்²(5எக்ஸ்) காஸ்(5எக்ஸ்).

சிலர் 3 காஸ்²(5எக்ஸ்) என்று முடித்துவிடுவார்கள். அடுக்கைக் குறைத்த கையோடு உள்ளிருந்த சைனையும் காஸ் ஆக்கிவிடுவதால் வரும் பிழை இது.

சைன்(எக்ஸ்³) பார்வைக்கு ஒன்றுபோலிருந்தாலும் வரிசை தலைகீழ்: வெளியே சைன், உள்ளே கனம். விடை 3எக்ஸ்² காஸ்(எக்ஸ்³). சைன்⁻¹ எக்ஸ் என்பதோ அடுக்கே இல்லை, நேர்மாறு சார்பு. அங்கே அடுக்கு விதியைக் கொண்டுபோகாதீர்கள். குழப்பமான குறியீடுதான், பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

காஸ் வந்தால் குறியைக் கவனியுங்கள். காஸ்⁴(2எக்ஸ்)-க்கு 4 காஸ்³(2எக்ஸ்) × [−சைன்(2எக்ஸ்)] × 2, அதாவது −8 காஸ்³(2எக்ஸ்) சைன்(2எக்ஸ்). அடுக்கு இரட்டைப்படை என்பதால் கழித்தல் குறி மறைந்துவிடாது. அது அடுக்கிலிருந்து வரவில்லை, காஸை வகையிட்டதில் ஒரே ஒரு முறை வந்தது.

டேன்² எக்ஸ், செக்² எக்ஸ் இரண்டுக்கும் ஒரே விடை, 2 செக்² எக்ஸ் டேன் எக்ஸ், வந்தால் பதற வேண்டாம். இரண்டுக்கும் வித்தியாசம் 1 என்ற மாறிலி மட்டுமே.

சந்தேகம் தீராவிட்டால் கால்குலேட்டரில் சோதியுங்கள். எக்ஸ் = 0.101, 0.099 இரண்டுக்கும் சைன்³(5எக்ஸ்) கண்டு, வித்தியாசத்தை 0.002-ஆல் வகுத்தால் சுமார் 3.03. எக்ஸ் = 0.1 என்று 15-உள்ள விடையில் போட்டாலும் அதுவே வரும். உங்கள் விடையில் 0.61-தான். கால்குலேட்டர் ரேடியனில் இருக்க வேண்டும். டிகிரியில் வைத்துப் பார்த்தால் சரியான விடையும் தவறாகத் தெரியும், ஏனெனில் சைனின் வகைக்கெழு காஸ் என்பதே கோணம் ரேடியனில் இருக்கும்போதுதான்.