ஹபுசா கிம்லெட் கசக்கிறது, தண்ணியாகவும் இருக்கிறது என்றவருக்கு

வணக்கம் நண்பரே. ஹபுசா ஜின்னில் கிம்லெட் (ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு கலந்த காக்டெய்ல்) போட்டால் கசக்கிறது, தண்ணியாக இருக்கிறது, ஜின் வாசமே வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பாட்டிலைக் குறை சொல்லாதீர்கள். கோவாவில் இமயமலை ஜூனிப்பர் (ஜின்னுக்கு வாசம் தரும் காய்) போட்டு வடிக்கிற அருமையான ஜின் அது.

கசப்பு எலுமிச்சையிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். நம்மூர்ப் பழம் சின்னது, தோல் மெல்லிசு. கடைசிச் சொட்டுவரை இறுக்கிப் பிழிந்தால் தோலின் எண்ணெயும் விதையின் கசப்பும் சாற்றில் இறங்கிவிடும். கையால் இதமாகப் பிழிந்து, டீ வடிகட்டியில் வடித்து, அப்போதே ஊற்றுங்கள். காலையில் பிழிந்து வைத்த சாறு வேண்டவே வேண்டாம்.

ஜின் 60 மில்லி, சாறு 20, சர்க்கரைப் பாகு 20. பாகுக்குச் சர்க்கரையும் தண்ணீரும் சமம். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம், கரைந்தால் போதும்.

தண்ணியாவதற்குக் காரணம் ஐஸ். நாலே நாலு சின்னக் கட்டி போடுவதாகச் சொன்னீர்கள். குறைவாகப் போட்டால்தான் சீக்கிரம் உருகும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு ஷேக்கரை (குலுக்கிக் கலக்கும் மூடி போட்ட குவளை) ஐஸால் நிரப்புங்கள். 12 நொடி நன்றாகக் குலுக்கி, வெளிப்பக்கம் பனி பூத்ததும் வடித்துவிடுங்கள். கிளாஸும் முன்பே ஃப்ரீசரில் இருக்கட்டும்.