குயில்ட் தைக்க டை கட்டர் வாங்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் குயில்ட் விரிப்புகள் பற்றி உங்கள் தளத்தில் வரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இதுவரை சதுரங்களை மட்டும் இணைத்துச் சிறிய குயில்ட்டுகள் தைத்திருக்கிறேன். இப்போது 60-க்கு 72 இன்ச் அளவில் ஒரு படுக்கை குயில்ட் தைக்க ஆசை. முழுக்க அரைச்சதுர முக்கோணங்கள், அதாவது இரு நிற முக்கோணங்களை மூலைவிட்டத்தில் இணைத்த சதுரங்கள். தைத்து முடிந்தபின் அப்படி ஒவ்வொரு சதுரமும், அதாவது ஒவ்வொரு பிளாக்கும், 3 இன்ச். வெளிர்நிறம் ஒன்று, அடர்நிறம் ஒன்று என இரண்டே துணிகள். கையில் 45 மி.மீ. ரோட்டரி கட்டர் (உருண்டோடும் வட்ட பிளேடு), அடியில் விரிக்கும் மேட், 6-க்கு 24 இன்ச் ரூலர் இருக்கின்றன.

எனக்கு இரண்டு தொல்லைகள். முனைகள் ஒன்றோடொன்று சேர்வதில்லை, வரிசைகளின் நீளமும் ஆளுக்கொரு அளவாக நிற்கிறது. அடுத்தது, கொஞ்ச நேரம் வெட்டினாலே மணிக்கட்டு வலிக்கிறது. வடிவ அச்சின்மேல் துணியை வைத்து, கைப்பிடியைச் சுழற்றி வெட்டும் டை கட்டர் எந்திரம் வாங்கினால் இரண்டும் தீருமா? இடைவெளிகள் விட்ட ரூலர் ஒன்றே போதும் என்கிறாள் தோழி. எது சரி?

கே.

*

அன்புள்ள கே.,

இரண்டு தொல்லைகளையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே எந்திரம் இரண்டையும் தீர்க்கும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

முதலில் முனைகள். அவை சேராததற்கு வெட்டு காரணமா, தையல் காரணமா என்பது உங்களுக்கே இன்னும் தெரியாது. ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். 1 1/2 இன்ச் அகலம், 6 இன்ச் நீளத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, கால் இன்ச் பிடித்து அடுத்தடுத்துத் தையுங்கள். அயர்ன் செய்து குறுக்கே அளந்தால் மொத்தம் 3 1/2 இன்ச் இருக்க வேண்டும். நடுப்பட்டை சரியாக 1 இன்ச். நடுப்பட்டை 1 இன்ச் இருந்தும் மொத்த அளவு தவறினால் ஓரப்பட்டைகளின் வெட்டில் பிழை. நடுப்பட்டையே குறுகியிருந்தால் பெரும்பாலும் தையல்தான் அகலமாகப் போகிறது.

அந்த மூன்று பட்டை 3 3/8 இன்ச்தான் வந்தது என்று வையுங்கள். அரைக்கால் இன்ச் குறை. இரண்டு தையல், ஒவ்வொன்றிலும் இரு பக்கத் துணி, ஆக நான்கு இடங்களில் அது பங்கு போயிருக்கிறது. ஒரு இடத்துக்கு 1/32 இன்ச். கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் உங்கள் குயில்ட்டில் ஒரு வரிசைக்கு 20 பிளாக், 19 தையல். அந்த 1/32 சேர்ந்து சேர்ந்து வரிசையில் 1 இன்ச்சுக்கு மேல் தின்றுவிடும். இந்தப் பிழையோடு நீங்கள் எவ்வளவு நல்ல எந்திரத்தில் வெட்டினாலும் முனைகள் சேராது. மருந்து செலவில்லாதது: துணியை மடித்து அயர்ன் செய்யும்போது மடிப்பே ஒன்றிரண்டு நூல் அகலத்தை எடுத்துக்கொள்ளும், அதனால் கால் இன்ச்சுக்கு ஒரு நூல் உள்ளடங்கியே தைக்க வேண்டும். ஊசித்தட்டில் அதற்கு ஓர் ஒட்டுநாடா அடையாளம் வைத்துக்கொண்டு, பட்டைச் சோதனை 3 1/2 காட்டும்வரை நாடாவை நகர்த்துங்கள்.

வெட்டைச் சோதிப்பதும் எளிது. நீங்கள் வெட்டிய சதுரங்களில் நான்கை எடுத்து, ஒவ்வொன்றையும் முந்தையதற்குக் கால் சுற்று திருப்பி அடுக்குங்கள். மூலைகள் ஒன்றின்மேல் ஒன்று உட்காராவிட்டால் வெட்டு கோணலாகிறது. பொதுவான காரணம், ஒரு தடவை மேட்டின் கோட்டையும் அடுத்த தடவை ரூலரின் கோட்டையும் பார்த்து அளப்பது. இரண்டும் இம்மி பிசகாமல் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. ரூலரை மட்டும் நம்புங்கள். அதிலும் ரூலரின் கோடு துணியின் விளிம்புக்கு மேலே படுகிறதா, வெளியே நிற்கிறதா என்பதை எல்லாத் துண்டுக்கும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கோட்டின் தடிமனும் ஓர் அளவுதான்.

இனி மணிக்கட்டு. பிளேடு எப்போது மாற்றினீர்கள்? மழுங்கிய பிளேடில் அழுத்தம் முழுக்க மணிக்கட்டிலிருந்து வருகிறது. 45 மி.மீ. பிளேடின் சுற்றளவு 141 மி.மீ., ஏறத்தாழ 5 1/2 இன்ச். நீளமாக ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். 5 1/2 இன்ச்சுக்கு ஒரு தடவை சில நூல்கள் அறுபடாமல் நின்றால் பிளேடில் ஓரிடத்தில் பல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் அதே வெட்டை இரண்டாம் தடவை ஓட்டுவது அதனால்தான், வேலையும் இரட்டிப்பாகிறது. புது பிளேடு போட்டு, நான்கு அடுக்குக்கு மேல் வைக்காமல், நின்றுகொண்டு, முழங்கை உயரத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் மேசையில் வெட்டுங்கள். அதற்குப் பிறகும் வலி நிற்காவிட்டால் எந்திரம் பற்றிய பேச்சுக்கு அர்த்தம் உண்டு.

டை கட்டரின் அமைப்பு இதுதான். ஒரு பலகையில் நீங்கள் விரும்பும் வடிவத்தில் எஃகு பிளேடு பதித்திருக்கும், அதைச் சுற்றிலும் ஃபோம். இதை டை என்கிறோம். அதன்மேல் துணி, துணியின்மேல் பிளாஸ்டிக் மேட். மூன்றையும் சேர்த்து இரண்டு உருளைகளுக்கு இடையே செலுத்தினால் ஃபோம் அமுங்கி, பிளேடு துணியை அறுத்துவிடும். சாதாரணப் பருத்தித் துணி என்றால் பல டைகளில் ஆறு அடுக்கு வரை போகும். நெருக்கமாக நெய்த பாத்திக், தடித்த ஃபிளானல் என்றால் குறைக்க வேண்டும். எத்தனை அடுக்கு என்பதை அந்தந்த டையின் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கணக்கு. 20-க்கு 24, மொத்தம் 480 பிளாக். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முக்கோணம், ஆக 960. ஒரு டையில் நான்கு முக்கோணங்கள் இருந்து, ஆறு அடுக்கு வைத்தால் ஒரு ஓட்டத்துக்கு 24. நாற்பது ஓட்டத்தில் வேலை முடியும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் துணியை அயர்ன் செய்து, பட்டையாக வெட்டி, அடுக்கி வைப்பது உங்கள் கைதான். அந்தப் பட்டை வெட்டவும் ரோட்டரி கட்டர் வேண்டும். பிளேடுகளுக்கு வெளியே எல்லாப் பக்கமும் கொஞ்சம் துணி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால் கழிவும் கூடும்.

எந்திரமில்லாத வழி இது. வெளிர்நிறத்தில் 60, அடர்நிறத்தில் 60 என 8 இன்ச் சதுரங்கள் வெட்டுங்கள். 42 இன்ச் அகலத் துணியில் ஒரு பட்டைக்கு ஐந்து சதுரம், பன்னிரண்டு பட்டை. நிறத்துக்கு 96 இன்ச் துணி. நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க ஒரு ஜோடியை வைத்து, மேலே இரண்டு மூலைவிட்டங்களையும் பென்சிலால் வரைந்து, ஒவ்வொரு கோட்டின் இருபுறமும் கால் இன்ச் தள்ளித் தையுங்கள். பிறகு நடுவில் 4 இன்ச்சில் நெடுக்காகவும் குறுக்காகவும் ஒரு வெட்டு, கடைசியாக இரண்டு மூலைவிட்டங்களிலும் வெட்டு. எட்டு பிளாக் கிடைக்கும். ஒவ்வொன்றையும் விரித்து, ஓரங்களை வெட்டி 3 1/2 இன்ச்சுக்குச் சீர் செய்ய வேண்டும். கணக்குப்படி 7 3/4 இன்ச் சதுரமே போதும். அந்தக் கூடுதல் கால் இன்ச் சீர் செய்வதற்கான இடம்.

இந்த வழியில் எனக்குப் பிடித்த விஷயம், நூலோட்டத்துக்குச் சாய்வாக, கிராஸாகப் போகும் விளிம்பை வெட்டுவதற்கு முன்பே தைத்துவிடுகிறீர்கள் என்பது. பிளாக்கின் வெளி விளிம்புகள் நான்கும் நேர்நூலில் நிற்கும், இழுபடாது. டையில் வெட்டினால் 960 கிராஸ் விளிம்புகள் திறந்த நிலையில் உங்கள் கைக்கு வரும். கஞ்சி போடாத துணியென்றால் ஊசிக்கடியில் போவதற்குள்ளேயே நீண்டுவிடும். மறுபக்கம், டையில் வெட்டிய முக்கோணத்தைச் சீர் செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலான முக்கோண டைகள் தையலுக்கு வெளியே நீட்டும் கூர்முனைகளையும் சேர்த்தே வெட்டிவிடுகின்றன, இரண்டு துண்டும் தானாகப் பொருந்தும். எட்டு பிளாக் முறையிலோ சீர் செய்ய ஒரு பிளாக்குக்கு நான்கு வெட்டு, 480-க்கு 1,920 வெட்டு. மணிக்கட்டு வலிக்கிற ஒருவருக்கு இது சின்ன எண் இல்லை. உங்கள் விஷயத்தில் டை கட்டருக்கு ஆதரவாக நான் சொல்லும் வலுவான வாதம் இது ஒன்றுதான்.

டை கட்டர் வாங்கியவர்கள் 'அளவு சரியாக வரவில்லை' என்று சொல்வதில் பெரும்பகுதி நூலோட்டம் தொடர்பானது. கரைக்கு இணையாக ஓடும் பாவு நூல் அதிகம் நீளாது. குறுக்கே போகும் ஊடை நூல் நீளும். உருளை துணியை முன்னுக்குத் தள்ளும்போது ஊடை அந்தத் திசையில் இருந்தால் துணி நீண்ட நிலையிலேயே வெட்டுப்படும். வெளியே எடுத்ததும் சுருங்கும். ரூலருக்கடியில் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சரியாக இருக்கும், அடுத்த பக்கம் ஓரிரு நூல் குறையும். எனவே பாவு எப்போதும் உருளும் திசையிலேயே இருக்க வேண்டும். இங்கேதான் பழக்கம் காலை வாருகிறது. ரோட்டரி கட்டரில் நாம் கரை முதல் கரை வரை பட்டை வெட்டிப் பழகியவர்கள். அந்தப் பட்டையின் நீளவாக்கில் ஓடுவது ஊடை. அதை அப்படியே டையில் நீளமாக விட்டால் தவறான திசைதான். டைக்கான பட்டைகளைக் கரைக்கு இணையாக வெட்டுங்கள்.

நூல் அறுபடாமல் நிற்பது அடுத்த புகார். மேட்டைத் திருப்பி வைத்து இன்னொரு தடவை ஓட்டுங்கள். குறை இடம் மாறினால் மேட்டில் பள்ளம் விழுந்திருக்கிறது. வடிவத்தின் அதே இடத்தில் நின்றால் டையின் பிளேடில் பழுது. மேட்டை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புரட்டி வைத்தால் ஒரே பக்கமாக வளையாது. நீண்ட நேர் பிளேடு உருளைக்கு இணையாக நுழைந்தால் முழு நீளமும் ஒரே நேரத்தில் மோதும், கைப்பிடி இறுகும். முடிந்தவரை டையைச் சற்றுச் சாய்த்து விடுங்கள், நூல்திசை கெடாதபடி துணியையும் சேர்த்துச் சாய்த்து. ஃபோமின் இடுக்கில் சேரும் நூல்களை அவ்வப்போது எடுத்துவிடுங்கள்.

இணைகரம் போல இடம் வலம் மாறும் வடிவங்களுக்குத் துணியை மடித்து வைத்தால் பாதித் துண்டுகள் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். அப்படி வேண்டாமென்றால் எல்லா அடுக்கும் நல்ல பக்கம் ஒரே திசை பார்க்க வேண்டும்.

தோழி சொன்ன ரூலர் நல்ல பொருள்தான். அரை இன்ச்சுக்கு ஓர் இடைவெளி விட்டிருப்பதால், ரூலரை நகர்த்தாமலே பல பட்டைகளை அடுத்தடுத்து வெட்டலாம். பட்டைகளுக்கும் சதுரங்களுக்கும் அதைவிட வேகமானது குறைவு. வெறும் பட்டைக்காக டை வாங்குவது வீண். கட்டரைச் சாய்க்காமல் ஓட்ட வேண்டும், மடிப்பு நேராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டை மடிப்பில் வளைந்து நிற்கும். ஆனால் உங்கள் திட்டத்தில் அது மிச்சப்படுத்துவது 120 சதுரங்கள் வெட்டும் வேலையை மட்டுமே. அந்த 1,920 வெட்டில் ஒன்றையும் அது குறைக்காது.

டை கட்டர் உண்மையிலேயே தன் விலைக்கு உழைக்கும் இடம் வளைவுகள். கால்வட்டம், சிப்பி வடிவம், இரட்டை மோதிர வில் போன்றவற்றை 28 மி.மீ. கட்டரும் டெம்ப்ளேட்டும் கொண்டு நூற்றுக்கணக்கில் வெட்டுவது கொடுமை. ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் மாறும். டையில் நூறாவது துண்டும் முதல் துண்டுபோலவே இருக்கும், நடுவைப் பொருத்த வெட்டுக்குறியும் பல டைகளில் உண்டு. நீங்கள் அடுத்து தைக்க நினைக்கும் மூன்று குயில்ட்டுகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலும் என்னென்ன வடிவம், எத்தனை என்று குறியுங்கள். வளைவு வந்தாலோ, ஒரே அளவு முக்கோணம் இரண்டு குயில்ட்டில் நூற்றுக்கணக்கில் வந்தாலோ வாங்குங்கள். இந்த ஒரு குயில்ட்டோடு முக்கோணம் முடிகிறதென்றால், மணிக்கட்டு ஒத்துழைக்கும் பட்சத்தில் வேண்டாம்.

வாங்குவதாக முடிவெடுத்தால், எந்திரத்தோடு ஒரே ஒரு டை. செலவு எந்திரத்தில் நிற்பதில்லை, டைகளில்தான் ஓடிக்கொண்டே இருக்கும். பல வடிவங்கள் அடங்கிய செட்டுகள் ஒரு பிளாக் அளவைச் சுற்றி அமைந்தவை. 8 இன்ச் பிளாக்குக்கான செட்டில் 4, 2 இன்ச் துண்டுகள் இருக்கும்; உங்கள் 3 இன்ச் அதில் வராது, அது 6 அல்லது 12 இன்ச் பிளாக்கின் குடும்பம். அட்டையில் எழுதியிருக்கும் அளவு தைத்து முடிந்த அளவா, வெட்டும் அளவா என்று கட்டாயம் பாருங்கள். 2 1/2 இன்ச் என்று போட்ட சதுரம் தைத்தபின் 2 இன்ச்சாகவும் இருக்கலாம், 2 1/2 ஆகவும் இருக்கலாம். ஒரு நிறுவனத்தின் டை இன்னொரு நிறுவனத்தின் எந்திரத்தில் அகலத்தாலோ தடிமனாலோ நுழையாமல் போகும், அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கைப்பிடி சுற்றுவது தோள்பட்டை வேலை. ஆறு அடுக்கு வைத்து ஒரு தடவை நீங்களே சுற்றிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். கனமாகத் தெரிந்தால் மின்சாரத்தில் ஓடும் வகையைப் பாருங்கள்.

வந்ததும் நல்ல துணியில் கை வைக்காதீர்கள். கழிவுத்துணியில், பாவு உருளும் திசையில் இருக்க, முதலில் இரண்டு அடுக்கு, பிறகு நான்கு, பிறகு ஆறு என்று ஓட்டுங்கள். ஒவ்வொன்றிலும் அடி அடுக்கையும் மேல் அடுக்கையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். எந்த எண்ணிக்கையில் அவை விலக ஆரம்பிக்கின்றனவோ, அந்தத் துணிக்கு அதற்கு முந்தைய எண்ணிக்கைதான் எல்லை.