டிடிஎஸ் மீட்டரில் குரோமியம் தெரியாது

ராணிப்பேட்டை குரோமேட் (குரோமியம் உப்பு) கழிவுக் குவியலுக்குப் பக்கத்துல கிணறு, தண்ணீர் லேசா மஞ்சள், ஆனா டிடிஎஸ் (கரைஞ்ச மொத்த உப்பு) லிட்டருக்கு 600 மில்லிகிராம்தான், காய்ச்சிக் குடிக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம் சார், சமையலுக்கும் எடுக்காதீங்க. அந்த மீட்டர் மின்கடத்துதிறனை வச்சு மொத்த உப்பைக் கணிக்குது, அவ்வளவுதான். குடிநீரில் குரோமியத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். 600-க்குள்ள அது எங்கே தெரியப்போகுது? காய்ச்சினா தண்ணீர்தான் ஆவியாகும், குரோமியம் இன்னும் அடர்த்தியாகும்.

மஞ்சளுக்கு இரும்பும் காரணமா இருக்கலாம். வெள்ளை பக்கெட்டில் ராத்திரி முழுக்க வச்சுப் பாருங்க. அடியில் காவி படிஞ்சா இரும்பு இருக்கு. படியாம, தெளிவான எலுமிச்சை மஞ்சளாவே நின்னா ஹெக்ஸாவேலண்ட் குரோமியம் (குரோமியத்தோட நச்சு அதிகமான வடிவம்) மேலதான் என் சந்தேகம். (நிறமே இல்லாட்டியும் நம்பாதீங்க, வரம்பைப் பல மடங்கு தாண்டினாதான் கண்ணுக்குத் தெரியும்.)

குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் மொத்த குரோமியம், ஹெக்ஸாவேலண்ட் ரெண்டையும் எழுதிக் கேளுங்க. வழக்கமான சோதனையில் கன உலோகம் வராது. ஹெக்ஸாவேலண்டுக்கான பாட்டிலில் மட்டும் அமிலம் சேர்க்க விடாதீங்க, சேர்த்தா ஹெக்ஸாவேலண்ட் வேற வடிவத்துக்கு மாறி அளவு குறைச்சுக் காட்டிடும். ஐஸ் பெட்டியில் வச்சு 24 மணி நேரத்துக்குள்ள கொண்டுபோய்க் கொடுத்துடுங்க.