பிலிம் பாக்டரியை செல்போனா மூடுச்சு?

கேள்வி: எங்க தேயிலை தோட்டத்துக்கு இந்த வருஷம் இலை எடுக்கற மெஷின் வாங்கிட்டோம். பத்து வருஷமா இலை எடுத்தவங்க வேலை போச்சேன்னு வருத்தப்படறாங்க. புதுசு வந்தா பழசு போறது இயற்கை தானே? ஊட்டி பிலிம் பாக்டரியையே செல்போன் கேமரா மூட வெச்சிடுச்சு, அதுக்கு யாரையாவது குத்தம் சொல்ல முடியுமா?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: முடியுங்க.

முதல்ல அந்த செல்போன் கதையை விட்டுடுங்க, வருஷங்களை பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தாலே அது நிக்காது. நீங்க சொல்ற பாக்டரி, ஊட்டி இந்துநகர்ல இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனி பதிவானது 1960, உற்பத்தி ஆரம்பிச்சது 1967, நலிவடைஞ்ச நிறுவனம்னு அறிவிச்சது 1996. அந்த 1996ல உங்க வீட்ல செல்போன் இருந்துச்சா? கேமரா வெச்ச போன் நம்ம ஊர் கடைக்கு வந்ததே 2000க்கு அப்புறம் தான். ஆள் படுத்த படுக்கையாகி பல வருஷம் கழிச்சு ஊருக்குள்ள வந்தவன் மேல கொலைப்பழி போடறோம்.

அடிச்சது கலர். இந்துநகர் பாக்டரிக்கு பெரிய சரக்கே கருப்பு வெள்ளை பிலிம், போட்டோ பேப்பர், எக்ஸ்ரே பிலிம் இதெல்லாம் தான். கல்யாண வீட்ல, ஸ்டுடியோல, சினிமால எல்லாம் கலர் வந்துட்டே இருந்தது ஒரே ராத்திரியில நடந்தது கிடையாது, வருஷக்கணக்கா எல்லார் கண்ணு முன்னாடியும் நடந்துச்சு. 1991க்கு அப்புறம் இறக்குமதி வரி குறைஞ்சு வெளிநாட்டு பிலிம் மூலைக்கடை வரைக்கும் வந்துடுச்சு, அதே சமயத்துல இங்க பாலியஸ்டர் எக்ஸ்ரே பிலிமுக்குன்னு கடன் வாங்கி பெரிய பிளான்ட் போட்டாங்க, கடனுக்கு வட்டி ஏறிட்டே போச்சு. இதுல எது இயற்கை சொல்லுங்க, ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தர் கையெழுத்து போட்ட முடிவு.

பிலிம்னா என்னன்னு இப்ப இருக்கற பசங்களுக்கு தெரியாது, அதனால சொல்றேன். ஜெலட்டின்ல வெள்ளி உப்பை கலந்து ஒரு குழம்பு மாதிரி பண்ணி, அதை மெல்லிசான பிளாஸ்டிக் சுருள் மேல ஒரே சீரா பூசணும். வெளிச்சம் பட்டா போச்சு, ஒரு தூசி விழுந்தா அந்த இடம் புள்ளி. அதனால தான் தூசி இல்லாத குளிர் ஊரா பாத்து ஊட்டிக்கு கொண்டு வந்தாங்க. கும்மிருட்டுல தடவி தடவியே வேலை பழகினவங்க இருந்தாங்க, அந்த கைப்பழக்கம் சாதாரணம் இல்லைங்க.

அமெரிக்காவுல கோடக் கதையை பாருங்க. முதல் டிஜிட்டல் கேமராவை 1975ல செஞ்சதே அவங்க கம்பெனி இன்ஜினியர் ஸ்டீவன் சாசன் தான். மூணரை கிலோவுக்கு மேல எடை, ஒரு படத்தை கேசட்ல பதியவே 23 செகண்ட், அதுவும் கருப்பு வெள்ளை, நூறுக்கு நூறு புள்ளி, அவ்வளவு தான். புதுசா வர்ற பொருள் முதல்ல இப்படித்தான் விளையாட்டு சாமான் மாதிரி இருக்கும், பிலிம்ல கொட்டற லாபத்தை விட்டுட்டு அதுக்கு எவன் செலவு பண்ணுவான்னு தோணும். கோடக்குக்கும் அப்படியே தோணுச்சு, 2012ல திவால் மனு கொடுத்தாங்க. ஜப்பான்ல ஃபூஜி அதே பிலிம் வியாபாரம் தான், ஆனா அவங்க நமக்கு கைவந்தது என்னன்னு யோசிச்சாங்க. மெல்லிசா பூசத் தெரியும், அதனால எல்சிடி திரைக்கு உள்ள வைக்கற பிலிம் போட்டாங்க, ஜெலட்டினும் தோல்ல இருக்கற கொலாஜன் புரதமும் தெரியும், அதனால முகத்துக்கு போடற கிரீம் வரைக்கும் போனாங்க. பூசத் தெரிஞ்ச கை இந்துநகர்லயும் இருந்துச்சுங்க! அந்த கையை வெச்சு வேற என்ன செய்யலாம்னு காலத்தோட யோசிச்சு முடிவெடுக்கத்தான் மேல யாரும் இல்லை. கடைசியில விருப்ப ஓய்வுன்னு கொடுத்து அனுப்பினாங்க. இன்னைக்கும் இந்துநகர் தாண்டி போறப்ப எனக்கு மனசு கனக்கும்.

நம்ம மலைக்கு இது முதல் தடவையும் கிடையாது. 1860கள்ல தொட்டபெட்டாலயும் நடுவட்டத்துலயும் மலேரியா மருந்தான கொயினா எடுக்க சிங்கோனா மரம் வெச்சாங்க, ஊட்டி தாவரவியல் பூங்காவை அமைச்ச மெக்ஐவர் தான் முன்ன நின்னு செஞ்சது. ஜாவாவுல வளத்த மரத்துல கொயினா சத்து ரொம்ப அதிகம், அது சந்தையை பிடிச்சுது, அப்புறம் குளோரோகுயின் மாத்திரை வந்து மரப்பட்டைக்கே மதிப்பு போச்சு. ஆனா அந்த மண்ணு இருந்துச்சு, நடுவட்டத்துல இப்ப தேயிலை நிக்குது. மரத்தை வெட்டிட்டு வேற வைக்கலாம், நாப்பது வயசுல இருட்டுல பிலிம் பூசிட்டு இருந்த ஆளுக்கு ஊட்டியில அந்த மாதிரி வேலை வேற எங்க இருந்துச்சு?

உங்க மெஷினுக்கு வர்றேன். வாங்கினது தப்புன்னு நான் சொல்லவே இல்லை, ஆள் கிடைக்கறது எவ்வளவு கஷ்டம், பச்சை இலை விலை என்ன பாடு படுத்துதுன்னு எனக்கும் தெரியும். ஆனா மெஷின் ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு பாத்து எடுக்காது, முத்தின இலையும் காம்பும் சேத்து வாரிட்டு வரும், பாக்டரியில தரம் பாத்து விலையை குறைப்பாங்க. எந்த செடி எத்தனை நாள்ல கொழுந்து விடும், எங்க கவாத்து பண்ணணும்னு உங்க தோட்டத்துல கண்ணாலயே சொல்லக்கூடியவங்க யாரு, நீங்க வேண்டாம்னு நிறுத்தின அதே பொம்பளைங்க தானே? அந்த மெஷினை பிடிச்சு ஓட்ட அவங்களுக்கு கத்துக் கொடுத்தீங்களா? வெட்டின இலையில காம்பை பொறுக்க, கவாத்துக்குன்னு நாலு பேரையாவது வெச்சுக்க முடியுமான்னு கணக்கு போட்டீங்களா? மெஷினுக்கு பணம் கட்டறதுக்கு முன்னாடி அவங்களை கூப்பிட்டு உக்கார வெச்சு பேசினீங்களா? பேசியிருந்தா அவங்க என்ன சொன்னாங்கன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல அப்படியே போடறேன். பேசலைன்னா இந்த வாரமே பேசிட்டு எழுதுங்க.